வேலூர் வட்டாரத்தில் தொழிலுக்கான நிலம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது: நாமே கணக்கு வைப்போமா?

கழிஞ்சூர்_கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் தொழில். முன்பெல்லாம் ஷெட் போட வேண்டும், பட்டறைக்கு அனுமதி வேண்டும் என்று வருகிறவர்கள் இருந்தார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் இருக்கிற ஷெட்டை இடித்துவிட்டு மனை பிரிக்கலாமா, மண்டபம் கட்டலாமா, லாட்ஜ் கட்டலாமா என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்குள் சிஎம்சிக்கு வரும் வெளிமாநில நோயாளிகள், காட்பாடியில் விஐடி மாணவர்கள், இரண்டு பக்கமும் அறை வாடகைக்கு ஓடுகிற ஊர் இது. சதுர அடிக்கு லாட்ஜ் தருகிற காசை லேத் பட்டறை தராது, உரிமையாளரைக் குறை சொல்லவும் முடியாது.

என் கவலை வேறு. புதிதாக சிப்காட் (அரசின் பெரிய தொழில் வளாகம்) வருகிறது, இத்தனை ஏக்கர், இத்தனை கோடி என்றால் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வரும். அதே வருஷம் பழைய அரிசி மில், மூடிய தோல் ஷாப்பு (தோல் பதனிடும் இடம்), தீப்பெட்டிக் கம்பெனி, மரவாடி என்று பத்துப் பதினைந்து இடங்கள் வீட்டு மனையாகிப் போனதை எவரும் எழுதுவதில்லை. வரவை மட்டும் எழுதி, செலவு எழுதாத கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயின. ராணிப்பேட்டை சிப்காட், பெல் (கொதிகலன் பாகங்கள் செய்யும் பொதுத்துறை ஆலை), அரக்கோணம் பக்கம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வேலூர் மாவட்டக் கணக்கிலிருந்து ஒரே நாளில் வெளியே போய்விட்டன. மிச்சம் இருப்பது வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் என்று ஆறு வட்டம். இதில் தொழில் நிலம் என்று சொன்னால் காட்பாடி சிட்கோ (சிறு தொழில்களுக்கான அரசுத் தொழிற்பேட்டை), வெடிமருந்துத் தொழிற்சாலை, மேல்மொணவூர் மினி டைடல் (சிறிய ஐடி பூங்கா), குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் சிதறிக் கிடக்கிற சிறு யூனிட்கள். மகிமண்டலத்தில் சிப்காட் என்று பேச்சு இருக்கிறது.

தொழிலுக்கு ஒதுக்கிய நிலம் நம் பகுதியில் மொத்தம் எவ்வளவு, அதில் உண்மையில் ஓடுவது எவ்வளவு, பூட்டிக் கிடப்பது எவ்வளவு, போன வருஷம் வேறு உபயோகத்துக்குப் போனது எவ்வளவு? இந்த நாலு கேள்விக்கும் ஒரே தாளில் பதில் தருகிற அலுவலகம் எதுவும் என் அனுபவத்தில் இல்லை. சிப்காட்டிடம் சிப்காட் மனைக் கணக்கு, சிட்கோவிடம் சிட்கோ கணக்கு, நகர் ஊரமைப்பில் அனுமதிக் கணக்கு, வருவாய்த்துறையில் பட்டாக் கணக்கு. சேர்த்துப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

நாமே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

சிட்கோ_லேத்:

அண்ணா, சரியான நேரத்தில் போட்டீர்கள். நான் வாடகை ஷெட்டில் மூன்று லேத், ஒரு மில்லிங் வைத்து ஓட்டுகிறேன். சொந்தமாக 20 சென்ட் இடம் வாங்கிப் போகலாம் என்று தேடி அலைந்தவன் நான்.

தொழிற்பேட்டைக்குள் நடந்து பார்த்தால் பூட்டின கதவு, உள்ளே கருவேலம் முளைத்த மனை கண்ணில் படும். விசாரித்தால் அது காலி இல்லை, ஒதுக்கீடு ஆனது என்பார்கள். ஒதுக்கீடு வாங்கியவர் எங்கேயோ இருப்பார், விலை ஏறட்டும் என்று வைத்திருப்பார், அல்லது அப்பா போய்ச் சேர்ந்து பிள்ளைகளுக்குள் வழக்கு ஓடும். காகிதத்தில் அந்த மனை பயன்பாட்டில் இருக்கிறது. எனக்கோ அது கிடைக்காது.

பேட்டைக்கு வெளியே போனால் விவசாய நிலம். அதைத் தொழிலுக்கு மாற்ற நில உபயோக மாற்றம் வேண்டும், நஞ்சை என்றால் ஆட்சியர் வரைக்கும் போக வேண்டும், நாளிதழில் விளம்பரம், பஞ்சாயத்துத் தீர்மானம், அதற்கப்புறம் ஈபியில் டிரான்ஸ்பார்மர் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பீடு. சின்ன ஆளுக்கு இடத்து விலையைவிட இந்த வழிச்செலவுதான் முதுகை ஒடிக்கும். மெயின் ரோட்டில் 5 ஏக்கர் இருக்கிறது என்று புரோக்கர் சொல்வார். எனக்கு 5 ஏக்கர் எதற்கு?

அதனால் கணக்கு எடுத்தால் மொத்த ஏக்கரை மட்டும் எழுதாதீர்கள். 10 சென்ட், 20 சென்ட், 50 சென்ட் துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்று பிரித்து எழுதுங்கள். நம் ஊரில் தேவை அங்கேதான்.

நெமிலி_உழவன்:

நான் பனப்பாக்கம் பக்கத்து ஆள், ராணிப்பேட்டை மாவட்டம், ஆனாலும் பேசுகிறேன்.

டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி முதலீடு, 470 ஏக்கர், 5,000 பேருக்கு மேல் வேலை என்று அறிவிப்பு. அதற்குப் பிறகு ஷூ கம்பெனியும் வந்தது, அதில் 25,000 வேலை என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் ‘நில இருப்பு’ என்று நீங்கள் கணக்கு எடுக்க ஆரம்பித்தால் அடுத்த கட்டம் என்ன என்று எனக்குத் தெரியும். போதவில்லை, இன்னும் 1,000 ஏக்கர் வேண்டும் என்று எழுதுவீர்கள். புஞ்சை, தரிசு, மேய்க்கால் என்று பதிவேட்டில் இருப்பதெல்லாம் சும்மா கிடக்கிற நிலமாக உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஏரிப் பாசனம் ஒரு வருஷம் இல்லாவிட்டால் தரிசாகப் போடுகிறோம், மறு வருஷம் உழுகிறோம். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் இந்தப் பக்கமே பச்சையாக இருக்கும். மேய்க்கால் புறம்போக்கில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அதுதான் வேலை தருகிற நிலம்.

1997-ல் தொழிலுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். 2013 மத்தியச் சட்டம் வந்த பிறகு அது செல்லாது என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. உடனே அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்து மறுபடி உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆக நோட்டீஸ் வந்தால் எங்களுக்கு இருக்கிற பிடி ரொம்பக் குறைவு.

உங்கள் கணக்கில் விவசாய நிலத்தை ‘எதிர்கால இருப்பு’ என்று ஒரு கட்டத்தில் கூட எழுத மாட்டேன் என்று உறுதி சொல்லுங்கள். சொன்னால் நானும் எங்கள் பக்கத்துத் தகவல் தருகிறேன்.

கழிஞ்சூர்_கணக்கு:

ஐயா, உறுதி தருகிறேன். தொழிலுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியது, அனுமதி கொடுத்தது, தொழில் நடந்த இடம், இந்த மூன்றும்தான். அதற்கு வெளியே ஒரு சென்ட் கூடச் சேர்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். இந்தக் கணக்கு ஒழுங்காக இருந்தால் உங்களுக்கும் அது உதவும். புதிதாக நிலம் எடுக்க வருகிறவரிடம், ஏற்கெனவே எடுத்ததில் இவ்வளவு பூட்டிக் கிடக்கிறது, முதலில் அதைத் திற என்று ஆதாரத்தோடு காட்டலாம். இப்போது ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் வாயால்தான் சொல்கிறோம்.

பேரணாம்பட்டு_தோல்:

சலாம். நம் தொழிலைப் பற்றிப் பேசாமல் வடாற்காட்டில் நிலக் கணக்கு எழுத முடியாது.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் கொடுத்த தீர்ப்பை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் தோல் பட்டையில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது இந்த வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே விவகாரத்தில் மறுபடி ஒரு தீர்ப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் முடியவில்லை. நாங்கள் செய்ததை நாங்கள் மறைக்கவில்லை, என் தாத்தா காலத்தில் கழிவு எங்கே போனது என்று ஊருக்கே தெரியும்.

நிலக் கணக்குக்கு இதனால் என்ன என்றால், ஒரே மனை ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரிக்கிறது. 1989-ல் வந்த 213-ஆம் அரசாணைப்படி கடும் மாசுத் தொழில்கள் நீர்நிலையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிதாக வரக்கூடாது. 1998-ல் 127-ஆம் அரசாணை பாலாறு உள்ளிட்ட ஆறுகளுக்கு அதை 5 கிலோமீட்டர் ஆக்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை எல்லா ஊரும் பாலாற்றங்கரையிலேயே இருக்கிறது. படத்தை விரித்து ஆற்றின் இரண்டு பக்கமும் 5 கிலோமீட்டர் கோடு போட்டுப் பாருங்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

அதனால் பழைய தோல் ஷாப்பு ஒன்று மூடினால் அந்தத் தொழிலுக்கு அந்த இடம் போனது போனதுதான், அந்த 5 கிலோமீட்டருக்குள் இன்னொரு இடத்தில் புதிதாகத் தொடங்க முடியாது. சொந்தச் சுத்திகரிப்பு நிலையமோ, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கோ இருந்தால்தான் வாரியத்தின் இசைவு கிடைக்கும், அந்தப் பங்கும் இடத்தோடு கட்டியது. ஆனால் அதே இடத்தில் ஷூ மேல்பாகம் தைக்கிற யூனிட் போடலாம், தோலை ஊறவைத்துப் பதனிடுகிற ஈரவேலை எதுவும் அதில் இல்லை. உங்கள் கணக்கில் இந்த நிறத்துக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

சிட்கோ_லேத்:

பாய், ஒரு சந்தேகம். மூடின தோல் ஷாப்பு இடத்தை வாங்கினால் தோல் பதனிட்டதில் மண்ணில் சேர்ந்த குரோமியத்துக்கு யார் பொறுப்பு? எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அப்படி ஓர் இடம் பேசி முடித்து, போர் தண்ணீர் சோதனை பார்த்த பிறகு பின்வாங்கிவிட்டார்.

பேரணாம்பட்டு_தோல்:

வாங்குகிறவர் தலையில் விழும் என்று பயந்துதான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள் தம்பி. அதே இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு, வீடு கட்டி விற்கிறார்கள், அங்கே குடிவந்தவர் அதே தண்ணீரைப் பயன்படுத்துகிறார். தொழிலுக்கு ஆகாது என்று பயப்படுகிற மண்ணில் குழந்தை குட்டியோடு குடியிருக்கிறார்கள். இது என்னை ரொம்ப உறுத்துகிற விஷயம்.

வாலாஜா_ரோடு:

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கியது, அதன் முதல் தொழில் வளாகமே ராணிப்பேட்டைதான். அதனால் பிற ஊர்களுக்கு இன்னும் வராத பிரச்சினைகள் எல்லாம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டன.

முதல் கட்ட வளாகத்தில் குரோமேட் இரசாயனம் செய்த தொழிற்சாலை ஒன்று தொண்ணூறுகளில் மூடிப்போனது. அதன் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் அப்படியே மேடாகக் குவிந்து கிடந்தது, மழைக்காலத்தில் மஞ்சளாக நீர் கசியும். 2006-ல் உலகின் மோசமான மாசு இடங்கள் பத்தில் ராணிப்பேட்டையைச் சேர்த்தார்கள். அந்த மனையையும் ஒருவர் தொழில் நிலம் என்று கூட்டலில் சேர்த்தால் அந்தக் கூட்டல் பொய். சுற்றியிருக்கிற மனைகளிலும் நிலத்தடி நீரை எடுக்க முடியாது, உணவுப் பொருள் சம்பந்தமான தொழில் அங்கே யார் வைப்பார்கள்?

2015 ஜனவரி 31 அதிகாலையில் கழிவுநீர் நிலையத்தின் சகதித் தொட்டி உடைந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் இறந்தார்கள். சுத்திகரிப்புக்கும் சகதி வைக்கவும் இடம் ஒதுக்காமல் உற்பத்திக்கே முழு இடத்தையும் போட்டால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தோம். தொழில் நிலம் என்று எழுதும்போது கழிவுக்கான இடம், லாரி நிற்கிற இடம், ஆட்கள் தங்குகிற இடம் தனியாக எழுதுங்கள்.

அப்புறம் பெல் ஆர்டரை நம்பி ஆரம்பித்த பேப்ரிகேஷன் யூனிட்கள். அனல் மின்நிலைய ஆர்டர் குறைந்ததும் ஒவ்வொன்றாக ஷிப்ட் குறைந்து, ஆள் குறைந்து, பிறகு காவலாளி மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் பெயர்ப்பலகை இருக்கும், கிரேன் இருக்கும். கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டால்தான் தெரியும், மாதம் எத்தனை நாள் ஓடுகிறது என்று.

இங்கிலாந்து_வேலூரான்:

சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்து இப்போது இங்கிலாந்தில் உள்ளாட்சித் திட்டமிடல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்கிற இதே வேலைதான் எங்கள் பிரிவு வருஷாவருஷம் செய்கிறது, அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். அங்கே இருக்கிறதை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது, பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31. மார்ச் கடைசித் தேதியில் நிலவரம் என்ன என்று ஒரு படம் பிடிப்பதுதான் வேலை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிரந்தர எண். அந்த எண்ணுக்கு எதிரே நிலை: திட்டத்தில் ஒதுக்கியது மட்டும், அனுமதி கிடைத்தது, கட்டுமானம் தொடங்கியது, கட்டி முடிந்தது. அனுமதி வாங்கி வழக்கமாக 3 வருஷத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி, அந்த நிலம் முந்தைய நிலைக்குத் திரும்பும். ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணாமல் இருக்க இதுதான் வழி. ஒதுக்கீட்டிலும் எண்ணி, அனுமதியிலும் எண்ணினால் இருப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

தொழில் வகையும் பிரிப்பார்கள். பொதுவான உற்பத்தி பி2, கிடங்கும் விநியோகமும் பி8. அலுவலகம், சிறு தொழில் எல்லாம் முன்பு பி1 என்று இருந்தது, 2020 செப்டம்பரில் அதைக் கடைகளோடு சேர்த்து ஈ என்ற பெரிய வகைக்குள் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அலுவலகம் கடையாக மாறினால் அனுமதியே தேவையில்லை, கணக்கெடுக்கிற எங்களுக்குத் தகவலும் வருவதில்லை.

இழப்புக்கென்று தனி அட்டவணை உண்டு. 2013-லிருந்து அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்றலாம் என்று அரசு விட்டது. பல ஊர்களில் அலுவலக இடம் சரசரவென்று குறைந்தது. அது தெரிந்ததே இந்த இழப்பு அட்டவணை இருந்ததால்தான், அதை ஆதாரமாகக் காட்டித்தான் சில உள்ளாட்சி மன்றங்கள் முக்கியமான பகுதிகளில் அந்த உரிமையை நிறுத்தி வைத்தன. கழிஞ்சூர் அண்ணா சொல்கிற செலவுப் பக்கம் இதுதான். மற்றதெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கடைசியாக, நேரில் போய்ப் பார்ப்பது. கணினியில் எத்தனை தகவல் இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் போய் வாசலில் நின்று பார்த்தால்தான் உண்மை.

சிட்கோ_லேத்:

உங்கள் ஊரில் அலுவலகம் சம்பளம் கொடுத்து ஆளை அனுப்புகிறது. இங்கே நாம் வேலையை விட்டுப் போக வேண்டும். கேட்டில் நின்று போட்டோ எடுத்தால் யார் நீ என்று காவலாளி கேட்பார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் பேசுங்கள்.

காட்பாடி_ஜிஐஎஸ்:

நான் வரைபடத் தொழில்நுட்பம் படிக்கிற மாணவி. உள்ளே போகாமலே நிறைய செய்ய முடியும் சார்.

கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களை வரிசையாகப் பார்க்கலாம், இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. ஒரு மனையில் கூரை எந்த வருஷம் வந்தது, எந்த வருஷம் போனது, லேஅவுட் சாலை எப்போது போட்டார்கள் எல்லாம் தெரியும். மாநில அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எடுக்கலாம், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். தொழில்பேட்டை மனைகளுக்கு மத்திய அரசின் இந்தியத் தொழில் நில வங்கி என்ற வரைபடத் தளம் 2020-லிருந்து இருக்கிறது.

அளவில் ஜாக்கிரதை. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், பேச்சில் ஏக்கர், சென்ட், விளம்பரத்தில் சதுர அடி. 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 சென்ட் 435.6 சதுர அடி. எல்லோரும் சென்டில் அனுப்பினால் நான் மாற்றிக்கொள்கிறேன், தயவுசெய்து கலந்து அனுப்பாதீர்கள்.

வானத்திலிருந்து கூரை தெரியும், உள்ளே எந்திரம் ஓடுகிறதா என்று தெரியாது. அதற்கு வாலாஜா ஐயா சொன்ன டீக்கடை விசாரணைதான்.

குடியாத்தம்_தையல்:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு பெண் கூடப் பேசவில்லையே என்று நினைத்தபோது இந்தத் தங்கச்சி வந்தாள்.

நான் 12 சென்ட் இடத்தில் ஷெட் போட்டு ஷூ மேல்பாகம் தைக்கிற ஜாப் ஒர்க் செய்கிறேன். 30 பெண்கள். பீடி சுற்றினவர்கள், தீப்பெட்டி ஒட்டினவர்கள், தறிவேலை குறைந்து வந்தவர்கள். பனப்பாக்கத்தில் 470 ஏக்கருக்கு 5,000 பேர் என்றால் ஏக்கருக்குப் பத்துப் பதினோரு பேர். என் ஷெட்டை ஏக்கராகக் கணக்குப் போட்டால் 250 பேர். கார் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சம்பளமும் வேறு, வேலையும் வேறு. ஆனால் என் மாதிரி 12 சென்ட் ஷெட் ஒன்று போனால் எத்தனை பெண்களுக்கு வேலை போகிறது என்று பாருங்கள், அதை எந்தப் பத்திரிகையும் போடாது.

இடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். என்னிடம் வேலை செய்கிறவர்கள் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ வருகிறவர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆம்பூர் கம்பெனி பஸ் விடிகாலையில் வந்து ஏற்றிக்கொண்டு இரவில்தான் இறக்கும், அதற்குப் போக முடியாதவர்கள்தான் என்னிடம் இருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கிற ஷெட்டை மனையாக்கிவிட்டு, அதற்குப் பதிலாக நெடுஞ்சாலையில் இரண்டு மடங்கு இடம் கொடுத்தோம் என்று காட்டினால் ஏட்டில் இருப்பு கூடியிருக்கும். எங்கள் பெண்களுக்கு ஒரு வேலையும் கூடியிருக்காது.

அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம். இந்த மூன்றும் எழுதுங்கள். கேட்டால் முதலாளிகள் சொல்வார்கள், நான் சொல்லிவிட்டேன் இல்லையா.

நெமிலி_உழவன்:

தங்கச்சி சொன்னது சத்தியம். எங்கள் பக்கம் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை, 262 கிலோமீட்டர், ஓசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வருகிறது. அதை நம்பிக் கிடங்குகளுக்கு நிலம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். 10 ஏக்கர் கிடங்கில் பத்து பதினைந்து பேர்தான் நிற்பார்கள். அதையும் ஷூ கம்பெனியையும் ஒரே ‘தொழில் நிலம்’ என்று கூட்டாதீர்கள்.

வாலாஜா_ரோடு:

கிடங்கு தேவையில்லை என்று சொல்ல முடியாது ஐயா, சரக்கு வைக்க இடம் இல்லாமல் உற்பத்தி எப்படி நடக்கும்? ஆனால் தனியாக எழுதவேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான்.

எந்த எல்லைக்குள் கணக்கு என்பதையும் முடிவு செய்யுங்கள். வேலூர் மாவட்டம் மட்டும் என்றால் என்னையும் நெமிலி ஐயாவையும் கழித்துவிட வேண்டியதுதான். பேரணாம்பட்டுப் பெண் ஆம்பூருக்குப் போகிறாள், காட்பாடிப் பையன் ராணிப்பேட்டைக்கு வருகிறான். வேலை தேடுகிறவன் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை.

கழிஞ்சூர்_கணக்கு:

ஐயா, 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு 2019 வரை இருந்த வேலூர் மாவட்ட எல்லைதான் சரி என்று படுகிறது. மூன்று மாவட்டமும் சேரும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வட்டத்தின் பெயர் இருக்கட்டும், தேவைப்படும்போது தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இதுவரை பேசியதை வைத்து ஒரு படிவம் தயார் செய்கிறேன். நிரந்தர எண், வட்டம், சர்வே எண் (தனியார் பட்டா என்றால் எண் மட்டும், பட்டாதாரர் பெயர் எங்கேயும் வரக்கூடாது), சென்டில் அளவு, முன்பு என்ன தொழில், இப்போது என்ன நிலை, வாரிய நிறம், ஆட்கள், பெண்கள், பஸ் நிறுத்தத் தூரம், பார்த்த தேதி, பார்த்தவர். நிலை என்பதில் ஓடுகிறது, பகுதியாக ஓடுகிறது, பூட்டியது, ஒதுக்கி இன்னும் கட்டாதது, மாசு காரணமாகப் பயன்படாதது, வேறு உபயோகத்துக்குப் போனது. இங்கிலாந்துத் தம்பி சொன்னபடி ஓர் இடம் ஒரு நிலையில் மட்டும்தான் இருக்கலாம்.

தொடக்கத்துக்கு எல்லாவற்றையும் பிடிக்க வேண்டாம். காட்பாடி சிட்கோ, குடியாத்தம் நகரம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை சிப்காட் முதல் கட்டம். இந்த நாலும் ஒழுங்காக முடிந்தால் அதற்கப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறேன். பேட்டை வாரியாக மொத்த மனை, ஒதுக்கியது, உற்பத்தி தொடங்கியது, ரத்து செய்தது. சிப்காட் மனை 99 வருஷக் குத்தகை, நிபந்தனையை மீறினால் திரும்ப எடுக்கலாம். எத்தனை மனையை அப்படித் திரும்ப எடுத்தார்கள் என்றும் கேட்பேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.

சிட்கோ_லேத்:

காட்பாடி சிட்கோ என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது, எல்லாம் பூட்டித்தான் இருக்கும், ஓடுகிற யூனிட்டையும் மூடியது என்று எழுதிவிடுவோம். வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல்.

பேரணாம்பட்டு_தோல்:

பேரணாம்பட்டு நான். ஒரு நிபந்தனை, பூட்டியது என்று எழுதும் முன் அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்போம். எங்கள் தொழிலில் ஆர்டர் இல்லாத மாதங்களில் மூடிவைத்து மறுபடி திறப்பது வழக்கம். ஆறு மாதம் தொடர்ந்து மூடியிருந்தால் மட்டும் பூட்டியது என்று வைத்துக்கொள்ளலாமா?

கழிஞ்சூர்_கணக்கு:

ஆறு மாதம் சரி பாய். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இன்றே சொல்லுங்கள், படிவத்தில் அச்சடித்துவிட்டால் நடுவில் மாற்றக் கூடாது.

இங்கிலாந்து_வேலூரான்:

ஆறு மாதம் போதும். நாளையோ அடுத்த வருஷமோ மாற்ற வேண்டி வந்தால் பழைய வருஷத்தையும் புது விதிப்படி திரும்பக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தை ஒப்பிட முடியாது.

நெமிலி_உழவன்:

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் ராணிப்பேட்டைத் தாள் மட்டுமாவது என் கையில் கிடைக்குமா? எங்கள் ஊராட்சியில் நிலம் பற்றித் தீர்மானம் வருகிறது.

வாலாஜா_ரோடு:

முதல் கட்டம் முழுக்க முடியாது ஐயா, பெரிய வளாகம். குரோமேட் மேட்டைச் சுற்றியிருக்கிற தெருக்களையும் பேப்ரிகேஷன் யூனிட்கள் இருக்கிற வரிசையையும் அதற்குள் முடித்துத் தருகிறேன். ஜிஐஎஸ் பெண்ணே, அந்தப் பகுதி மனை எல்லைகளைப் படமாக அச்சடித்து அனுப்பு, கைபேசியில் பார்க்க என் கண்ணுக்குச் சிரமம்.

காட்பாடி_ஜிஐஎஸ்:

ஏ3 தாளில், மனை எண் பெரிய எழுத்தில் போட்டு அனுப்புகிறேன் ஐயா. பக்கத்திலேயே எழுத இடமும் விட்டிருக்கிறேன்.